கிம்ப்போடு பதின்மூன்று வருடம்: மென்பொருள் சரி, பெயர்தான்…

2012-ல், எல்லாப் பெட்டிகளையும் ஒரே சாளரத்தில் அடக்கும் வசதியோடு 2.8 பதிப்பு வந்த சமயத்தில்தான் கிம்ப் (GIMP) என்ற பட வடிவமைப்பு மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கடைத் திறப்பு ஃப்ளெக்ஸ் எல்லாம் அதில்தான். காசு கிடையாது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டும், கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்காது. அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நான்கு வண்ண முறை) கோப்பு கேட்டால் மட்டும் இன்னமும் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0-ல் ஃபில்டரைப் போட்ட பிறகும் திருத்த முடிகிறது. இது ஒன்றுக்காகவே பல வருடம் காத்திருந்தேன்.

பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை. நம் பக்கம் பாதிப் பேர் ‘ஜிம்ப்’ என்போம். தமிழில் ‘கிம்ப்’ என்று எழுதினால் முதல் எழுத்து ‘g’ ஆக ஒலிக்காமல் ‘k’ ஆகிவிடும், ஆங்கிலத்தில் அது என்ன சொல் என்பதே காதில் விழாது.

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு ஒரு வாரம் பட வடிவமைப்புப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டு, மென்பொருளின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு போஸ்டர் தயாரித்தேன். லண்டனில் வளர்ந்த அத்தை மகள் லீவுக்கு வந்திருந்தாள். பார்த்துவிட்டு, “அத்தான், இதையா ஒட்டப் போறீங்க?” என்றாள். காலை இழுத்து நடப்பவரை இழிவாகச் சொல்லும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லாம் அது. சட்டென்று ‘நொண்டி’ என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. கட்டம் போட்டு ஆடும்போது அது விளையாட்டு, ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் வசவு. ஆங்கிலத்திலும் அப்படியேதான்: துணி ஓரத்தில் வைத்துத் தைக்கும் முறுக்குக் கயிற்றுக்கும் இதே பெயர் உண்டு.

1995-ல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கிய வேலை இது. ‘இமேஜ் மேனிபுலேஷன் புரோகிராம்’ என்பதற்கு முதலில் யோசித்த சுருக்கம் ‘இம்ப்’. முந்தைய ஆண்டு வந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் தோல் உடை போட்டு வரும், ‘கிம்ப்’ என்றே அழைக்கப்படும் ஒரு பாத்திரத்தை நினைத்து முன்னால் ‘ஜி’யைச் சேர்த்தார்கள். அந்த ‘ஜி’ முதலில் ‘ஜெனரல்’, பிறகு ‘க்னூ’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயர். சினிமாக் குறும்பு, அவ்வளவுதான். ஊனத்தைக் கேலி செய்யும் நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்பவர் காதில் நோக்கமா விழுகிறது, சொல்தானே விழுகிறது?

2019-ல் சிலர் இதே நிரலை எடுத்து ‘கிளிம்ப்ஸ்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். ஆறு மாதம் அதில் வேலை பார்த்தேன். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. நிரல் எழுத ஆள் சேராமல் 2021-ல் நின்றுபோனது. பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை, அதைத் தாங்கிக்கொண்டு போவதுதான் பாடு. பிரான்சில் பிறந்த ‘கோக்’ என்ற கணித நிரூபண மென்பொருளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. பிரெஞ்சில் ‘கோக்’ என்றால் சேவல், ஆங்கிலக் காதுக்கு ஆண்குறியின் கொச்சைப் பெயர். அதை உருவாக்கியவர்களே முன்வந்து, அது பிறந்த ரோகென்கூர் ஊரின் நினைவாக ‘ரோக்’ என்று மாற்றிவிட்டார்கள். 2025 முதல் வெளியீடும் அந்தப் பெயரில்தான். வீட்டுக்காரரே பெயர்ப்பலகையை மாற்றினால் தபால்காரர் குழம்ப மாட்டார்.

கிம்ப் குழுவோ மாற்றுவதாக இல்லை. வேண்டுமானால் முழுப்பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு பெயரில் நீங்களே வெளியிடுங்கள் என்பதுதான் அவர்கள் பதில். கறாரான பதில்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் போஸ்டரில் ‘க்னூ இமேஜ் மேனிபுலேஷன் புரோகிராம்’ என்று மூச்சு வாங்க எழுதி ஒட்டினேன்.

முதல் நாளே ஊன்றுகோலோடு வந்த ஒரு தம்பி, திரையில் இருந்த குறும்பெயரைப் படித்துவிட்டு, “ஜிம்முக்குப் போறவங்க ஆப்பா சார்?” என்றான். மழுப்ப மனம் வரவில்லை, அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் ஐகானின் கீழே இருந்த பெயரை அழித்து ‘பட்டறை’ என்று தட்டினான். என் கணினியிலும் இப்போது அதே பெயர்தான். ஏதாவது சந்தேகம் வந்து இணையத்தில் தேடும்போது மட்டும் பழைய பெயரையே தட்ட வேண்டியிருக்கிறது.