யூதப் பள்ளிக்கு யார் பணம் கட்டுவது: லண்டனா, டொராண்டோவா?

இரண்டு ஊரிலும் யூதச் சமூகம் பெரியது, பள்ளிகளும் நிறைய. ஆனால் பள்ளிச் செலவு என்று வந்துவிட்டால் இரண்டும் இரண்டு துருவம்.

முதலில் லண்டன். அங்கே 1732-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஜேஎஃப்எஸ் பள்ளியில் இன்று சுமார் 2,000 பேர் படிக்கிறார்கள். ஆசிரியர் சம்பளம் முதல் கரண்ட் பில் வரை அரசு கொடுக்கிறது. நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரிதான். கட்டடம் கட்ட, பழுது பார்க்க ஆகும் செலவில் மட்டும் 10 சதவீதம் பொதுவாக நிர்வாகத்தின் தலையில் விழும். ஹீப்ரு, தோரா (யூத வேதம்) வகுப்புகளுக்கு அரசுப் பணம் போதாது. அதற்காகப் பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும்: பிள்ளைக்கு இவ்வளவு நன்கொடை தாருங்கள், தராவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. இரண்டாவது வரியை மட்டும் படிப்பவர்களும் இருப்பார்கள்தானே!

அதனால் லண்டனில் சமூக அமைப்பின் வேலையே வேறு. பள்ளிகளுக்கான கூட்டமைப்பான பேஜெஸ், ஹீப்ரு பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, அரசோடு பேச்சு என்று ஓடுகிறது. வாசலில் நிற்கும் காவலாளிக்கு அரசு தரும் மானியத்தை சிஎஸ்டி என்ற இன்னொரு யூத அமைப்பு பிரித்துக் கொடுக்கிறது.

டொராண்டோவில் கதை தலைகீழ். கனடாவின் 1867 அரசியல் சட்ட ஏற்பாட்டின்படி, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு முழுச் செலவும் தருகிறது. யூதப் பள்ளிகளுக்குக் கிடையாது. யூதப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 1996-இல் கனடா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இது பாகுபாடுதான் என்று 1999-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொல்லியும் ஒன்டாரியோ அசையவில்லை. 2007 தேர்தலில் எல்லா மதப் பள்ளிகளுக்கும் நிதி தருவேன் என்ற கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் ஜான் டோரி தோற்றதோடு, அந்தப் பேச்சை எடுக்கவே கட்சிகள் பயப்படுகின்றன.

ஆக, சுமை டொராண்டோ யூதர்களின் நிதி திரட்டும் அமைப்பான யூஜேஏ ஃபெடரேஷன் மேல். ஊர் முழுக்கத் திரட்டும் பணத்தில் கணிசமான பங்கு பள்ளிக் கட்டணச் சலுகைக்குப் போய்விடுகிறது. சலுகை வேண்டுமென்றால் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காகிதத்தில் விரித்து வைக்க வேண்டும். ஏழைக்குச் சலுகை கிடைக்கும், பணக்காரர் கட்டிவிடுவார். நடுவில் இருப்பவர்தான் பிள்ளையைப் பொதுப் பள்ளிக்கு மாற்றுகிறார். கட்டணத்தில் மதக் கல்விக்கான பங்கை நன்கொடையாகக் காட்டி வரிச் சலுகை பெறலாம். ஆறுதல், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் லண்டன் ஏற்பாடுதான் மேல். அங்கே சமூகத்தின் காசு பாடத்தின் தரத்துக்குப் போகிறது. டொராண்டோவில் பள்ளிக்குள் நுழையவே செலவாகிறது. அரசுப் பணத்தோடு அரசு விதிகளும் வரும் என்பது உண்மைதான். ஆனால் யார் யூதர் என்ற சேர்க்கை வழக்கில் 2009-இல் ஜேஎஃப்எஸ் தோற்றதை வைத்து அப்படிச் சொல்வது சரியல்ல. அந்த வழக்கில் பள்ளியைத் தோற்கடித்த இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் தனியார் பள்ளிக்கும் பொருந்தும்.

டொராண்டோ சும்மா இருந்துவிடவில்லை. 2017-இல் தானன்பாம்சாட் உயர்நிலைப் பள்ளி, பெரும் நன்கொடையின் பலத்தில், ஆண்டுக்கு 25,000 டாலரைத் தாண்டியிருந்த கட்டணத்தை எல்லோருக்கும் 18,500 ஆக்கியது. மனு எழுதத் தேவையில்லை. அப்புறம் சேர்க்கையும் ஏறியது. ஆனால் டொராண்டோவை ஒட்டிய வான் (Vaughan) நகரில் இருந்த வடக்கு வளாகத்தை மூடுவதாகச் சொன்னதும் அதே ஆண்டில்தான்.