அச்சுறை எம்போசிங்கா, பொடி எம்போசிங்கா?

கைவினை வாழ்த்து அட்டைகளில் மேடான வடிவங்களை எழுப்ப (இதுவே எம்போசிங்) இரண்டு வழிகள் உள்ளன. முதலாவதில், அட்டையை எம்போசிங் ஃபோல்டர் எனும் அச்சுறையின், அதாவது வடிவம் பதித்த மடிப்புறையின், இரு மடிப்புகளுக்கிடையே வைத்து, டை எனும் வெட்டு அச்சால் தாளை வெட்டும் அதே உருளை இயந்திரத்தில் செலுத்துகிறோம். அழுத்தத்தால் தாளே வளைந்து உருப்பெறுகிறது. 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை) வரையுள்ள அட்டை இதற்கு ஏற்றது. லேசாக நீர் தெளித்துக்கொண்டால் இழைகள் தளர்ந்து, ஆழமான வடிவங்களிலும் விரிசல் விழாது. பூவையோ இலையையோ டையில் வெட்டிய பின்னரே எம்போஸ் செய்ய வேண்டும். வரிசை மாறினால், வெட்டும் தட்டுகளின் அழுத்தம் எழுந்த மேட்டை நசுக்கிவிடும்.

இரண்டாவதில், மெதுவாக உலரும் மையால் முத்திரையிட்டு, அதன்மேல் எம்போசிங் பொடியைத் தூவி, எஞ்சியதைத் தட்டி அகற்றிவிட்டு, ஹீட் கன் எனும் வெப்பக்காற்றுக் கருவியால் உருக்குகிறோம். எழுத்துகளுக்கும் நுண்ணிய கோடுகளுக்கும் இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பொன்னிறப் பொடி தரும் பளபளப்பை அழுத்தத்தால் மட்டும் பெற இயலாது. ஆனால் கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடமெல்லாம் பொடி ஒட்டிக்கொள்ளும் என்பதால், முத்திரையிடும் முன் அட்டையில் சிறிது டால்கம் பவுடரைத் தடவி மென்மையாகத் துடைத்துவிடுவது நல்லது.

அட்டைகளுக்குப் பதில் படச் சட்டகங்களை அலங்கரிக்கும்போது இவ்விரு வழிகளின் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. மரச்சட்டம் உருளைக்குள் நுழையாது. எனவே ஃபோல்டரில் எழுப்பிய தாளைத் தனியே செய்து ஒட்ட வேண்டும். பொடியையோ வண்ணம் பூசாத மரத்தின் மீதே நேரடியாக உருக்கலாம்.