பேட்டரி அறைத் தீப்பாதுகாப்பு ஏற்பாடு: வாங்கிப் பொருத்திய பிறகு எழுதும் மதிப்பீடு

எங்கள் குடியிருப்பின் தரைக்கீழ்த் தளத்தில் லித்தியம் பேட்டரி அலமாரிகள் வைத்திருக்கிறோம். பகலில் மொட்டைமாடி சோலார் சார்ஜ் ஏற்றும். இருட்டிய பிறகு லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் அதில்தான் ஓடும். மின் பராமரிப்பு என் பொறுப்பு. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள்; நான் சொல்லப்போவது அதோடு சேர்த்து விற்கப்படும் தீப்பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கிட்டத்தட்ட இதே தொகுப்பைத்தான் பலரும் விற்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். செல்கள் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, நிக்கல் கலந்த செல்களைவிடக் கூடுதல் சூடு தாங்கும். சான்றிதழ் என்று ஒற்றைத் தாளை நீட்டாமல், பேட்டரியில் தீ எப்படிப் பரவும் என்று பார்க்கும் யூ.எல். 9540ஏ சோதனையின் அறிக்கையை முழுசாகக் கொடுத்தார்கள். அந்தச் சோதனை ஒரு செல்லில் தொடங்கி, மாட்யூல் (பல செல்கள் சேர்ந்த பெட்டி), முழு அலமாரி, பொருத்தும் இடம் என்று படிப்படியாகப் போகும். செல் அளவிலான முடிவை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். பக்கத்து அலமாரிக்குத் தீ தாவுமா என்பது முழு அலமாரிச் சோதனையில்தான் தெரியும். எங்கள் அறையில் அலமாரிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி அந்த அறிக்கையில் இருந்த அளவேதான். டேப் பிடித்து அளந்து பார்த்தேன்.

ஆனால் விளம்பரத் தாளில் ‘தீப்பிடிக்காத பேட்டரி’ என்று போட்டிருந்தது. அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒரு செல் உள்ளே பழுதாகி, தன் சூட்டாலேயே மேலும் மேலும் சூடேறி, பக்கத்து செல்லையும் இழுத்துக்கொண்டு போவதுதான் தெர்மல் ரன்அவே. எல்.எஃப்.பி.யிலும் அது நடக்கும். அப்போது வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் ஏராளம். தீ தெரியாமல் வாயு மட்டும் வந்துகொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது மூடிய அறைக்குள் சேர்ந்துகொண்டே போகும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு பொறி போதும்.

அதனால் ஒப்படைப்பு நாளன்று, எரிவாயு சென்சாரில் சோதனை வாயுவைக் காட்டச் சொன்னேன். டெக்னீஷியன் சின்ன சிலிண்டரைத் திறந்து சென்சார் வாயில் பிடித்தார். ஹூட்டர் அலறியது, பேட்டரியின் பிரேக்கர் விழுந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்துக்கு ஏறியது. எல்லாம் சரி. அப்புறம் புகை டிடெக்டரையும் சோதித்தோம். அது இயங்கியதும் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிடும் பேனல் உயிர்பெற்றது, ஃபேன் நின்றுவிட்டது, வெளிக்காற்று வரும் வழியின் மடிப்புக் கதவும் (டாம்பர்) மூடிக்கொண்டது.

சர்வர் அறைக்கு அந்த அமைப்பு சரிதான். அணைக்கும் வாயு வெளியே போய்விடக் கூடாது, அதனால் அறையை மூடுவார்கள். பேட்டரி அறையில் அதே பழக்கம் உயிரை வாங்கிவிடும். அணைக்கும் வாயு சுவாலையை அடக்கலாம், செல்லுக்குள் நடக்கும் வேதிவினையை நிறுத்தாது. செல்கள் எரிவாயுவைக் கக்கிக்கொண்டே இருக்க, நாம் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருப்போம்.

2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் சர்ப்ரைஸ் நகரில் இப்படித்தான் ஆனது. மின்நிறுவனத்தின் பேட்டரிக் கூடம் ஒன்றில் தீயணைப்பு வாயு வெளியேறி வேலை செய்தது. தெர்மல் ரன்அவே நிற்கவில்லை, சேர்ந்த வாயு போக வழியும் இல்லை. உள்ளே நிலைமை என்ன என்று வெளியிலிருந்து அறிய வசதி கிடையாது. சில மணி நேரம் பொறுத்திருந்துதான் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள். சற்று நேரத்தில் வெடித்தது. படுகாயம் அடைந்தவர்கள் உதவிக்கு வந்தவர்கள். எங்கள் கட்டடத்திலும் அந்தக் கதவைத் திறக்கப்போவது முன்பின் தெரியாத யாரோ ஒரு வீரர். இந்த ஏற்பாட்டை நான் அவருக்காகத்தான் எடைபோடுகிறேன்.

பொருத்திய இன்ஜினியரிடம் இதை விளக்கினேன். மழுப்பாமல் கேட்டுக்கொண்டார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். எரிவாயு சென்சார் அலாரம் கொடுத்தால் வேறு எந்த பேனலும் ஃபேனை நிறுத்த முடியாதபடி மாற்றித் தந்தார். ஹைட்ரஜன் எரியும் வரம்பில் கால் பங்கைத் தொடும் முன்பே ஃபேன் ஓடத் தொடங்கிவிடும், ஃபேனுக்கான மின்சாரமும் பேட்டரி அறையைச் சாராத தனி லைனில் வருகிறது. சூட்டைத் தணிக்க ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது. இந்த மாதிரித் தீக்குத் தண்ணீர்தான் பெரிய துணை, அதுவும் நிறைய வேண்டும்.

கதவுக்கு வெளியே ஒரு டிஸ்ப்ளே கேட்டு வாங்கினோம், தொகுப்பில் அது இல்லை. அறைக்குள் இருக்கும் வாயு அளவும் வெப்பநிலையும் அதில் தெரியும். பக்கத்திலேயே அவசர ஸ்விட்ச், அதன் கீழே ‘அணைத்தாலும் செல்களில் மின்சாரம் இருக்கும்’ என்று பெரிய எழுத்தில் பலகை. விற்பவர்கள் இதைக் கூடுதல் வசதி என்று சொல்வது தவறு. இது இல்லாமல் ஏற்பாடே முழுமையில்லை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். வாயு சென்சாரும் புகை டிடெக்டரும் சேர்ந்து இயங்கும்போது ஃபேன் ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். சென்சார் அளவுத்திருத்தம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேரவில்லை, தனியாகத்தான் கட்டணம் கேட்கிறார்கள். அதையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.