ராயாத்தேயாவில் வாடகைக் கட்டமரான்: இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாய்க்கப்பல் ஓட்டத் தெரிந்த ஒரு தம்பதி, மாலுமி யாரையும் சேர்க்காமல், பிரெஞ்சு பொலினீசியாவின் ராயாத்தேயா தீவிலிருந்து 40 அடிக் கட்டமரானை, அதாவது இரட்டை உடல் பாய்க்கப்பலை, பத்து நாளுக்கு வாடகைக்கு எடுக்கும் சேவை இது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்தது படகுக்காக அல்ல. நங்கூரச் சங்கிலியின் நீளத்துக்காகவும், படகை உங்கள் கையில் தரும் ஒப்படைப்பை அரக்கப்பரக்க முடித்துவிடுவதற்காகவும்.

கட்டமரான் என்ற பெயர் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் கட்டுமரம் என்பது பக்கம் பக்கமாகப் பிணைத்த மரக்குற்றிகள். இரண்டு ஓடங்களைக் குறுக்குச்சட்டம் போட்டு இணைத்துச் சமுத்திரம் தாண்டியவர்கள் பொலினீசியர்கள். பெயர் எங்களுடையது, வேலைப்பாடு அவர்களுடையது. நீர்கொழும்பில் ஒற்றைத் துணைக்கட்டையோடு ஓடும் வள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள வா எனும் ஓடம் அந்நியமாகத் தெரியாது.

வாடகையில் படகு, கரைக்குப் போய்வரும் சிறுபடகான டிங்கி, படுக்கை விரிப்பு, நீந்திப் பார்க்கும் கண்ணாடி, துடுப்புச் சப்பாத்து எல்லாம் அடங்கும். டீசல், சாப்பாடு, மிதவைக் கட்டணம், சுற்றுலா வரி அடங்காது. இரண்டு பேருக்கு நான்கு அறை தேவையே இல்லை. ஒன்றில் சாமான், ஒன்றில் ஈர உடுப்பு என்று போய்விடும். அதற்காக 35 அடிக்கு இறங்க வேண்டாம். 40 அடியில்தான் பெரும்பாலும் பாய்க்கயிறுகள் எல்லாம் சுக்கானடிக்கே வந்து சேர்கின்றன. ஒருவர் அசையாமல் நின்று ஓட்ட முடிகிறது. தானியங்கிச் சுக்கான் வேலை செய்யாத படகை இரண்டு பேர் ஏற்கக் கூடாது. ஒரு ஆள் சுக்கானிலேயே கட்டுண்டுபோனால் மிச்ச வேலை முழுவதும் மற்றவர் தலையில்தான்.

கொழும்பிலிருந்து கிளம்புபவர்கள் சறுக்குவது கடலில் அல்ல, காகிதத்தில். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரெஞ்சு பொலினீசியாவுக்குச் செல்லுபடியாகும் என்ற குறிப்பு விசாவிலேயே இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேளுங்கள். ஒக்லாந்து ஊடாகப் போனால் நியூசிலாந்தின் ட்ரான்சிட் அனுமதி, லொஸ் ஏஞ்சலிஸ் ஊடாகப் போனால் அமெரிக்க விசா. விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா கட்டாயம். ஒக்லாந்து வழியில் இன்னொரு பொறி: திகதிக் கோட்டைத் தாண்டுவதால் செவ்வாய் ஏறித் திங்கள் இறங்குவீர்கள். படகு முன்பதிவை ஒரு நாள் பிசகாகப் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. கொழும்பு நேரத்துக்கு அங்கே பதினைந்தரை மணித்தியாலம் பின்னே. நிறுவனத்தோடு தொலைபேசியில் கதைக்க வேண்டுமென்றால் இங்கே இரவு 11:30க்குப் பிறகுதான் அங்கே காலை 8 மணி.

பிணைப்பணம் சில ஆயிரம் யூரோ. அதைக் கடனட்டையில் முடக்கி வைப்பார்கள். இலங்கை வங்கி அட்டையின் வெளிநாட்டுச் செலாவணி எல்லை அவ்வளவுக்கு இடம் கொடுக்குமா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அட்டை மறுக்கப்பட்டால் படகு கட்டுமேடையை விட்டு நகராது. பிணைக்காப்புறுதி எடுத்தாலும் டிங்கியும் அதன் இஞ்சினும் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அனுபவம் எவ்வளவு வேண்டும்? சான்றிதழைவிட ஓட்டிய படகுகளின் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். பொல்கொட வாவியில் சின்னப் படகு ஓட்டிய பழக்கம் காற்றைப் படிக்கக் கற்றுத்தரும்; ஆறு மீற்றருக்கு மேல் அகலமான ஒன்றை முருகைக்கல் நடுவே நிறுத்தக் கற்றுத்தராது. சந்தேகமென்றால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் ஒரு மாலுமியைக் கூலிக்கு அமர்த்துங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

இனி ஒப்படைப்பு. இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும் வேலை. பிற்பகலில் தொடங்கினால் ஒரு மணித்தியாலத்தில் சுருட்டிவிடுவார்கள். காலையில் வையுங்கள், இவற்றை நீங்களே தொட்டுப் பாருங்கள். நங்கூரச் சங்கிலியை இழுக்கும் வின்ச்சின் மின் பிரேக்கர் எங்கே இருக்கிறது? அது விழுந்தால் தேடிக்கொண்டு நிற்க நேரமிருக்காது. இரண்டு இஞ்சினையும் இயக்கி, புகைக்குழாயில் கடல்நீர் விட்டு விட்டுத் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கள். துப்பாவிட்டால் நீர் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கும், அல்லது நீரை இறைக்கும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும். உதிரி இம்பெல்லர், வார்ப்பட்டி இரண்டும் பெட்டியில் உண்டா? பெரிய பாயை ஏற்றி, காற்று கூடும்போது பாயின் பரப்பைக் குறைக்கும் சுருக்குக் கயிறு இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கட்டுமேடையில் சிக்கும் கயிறு கடலில் நிச்சயம் சிக்கும். இது முக்கியம், ஏனென்றால் கட்டமரான் சாய்ந்து எச்சரிப்பதில்லை. ஒற்றை உடல் படகு காற்று கூடினால் சரிந்து முறையிடும். இது நிமிர்ந்தபடியே ஓடி, கடைசியில் எதையாவது உடைக்கும். காற்று 18 நொட்டை எட்டினால் முதல் சுருக்கு, 25ஐ நெருங்கும்போது இரண்டாவது. இரண்டே பேர் என்றால் காலையிலேயே ஒரு சுருக்கோடு கிளம்புவதில் வெட்கமில்லை.

நட்சத்திரம் குறைந்த இடத்துக்கு வருவோம். ராயாத்தேயாவும் தாஹாவும் ஒரே களப்புக்குள் இருக்கும் இரட்டைத் தீவுகள். களப்பு என்றதும் மட்டக்களப்பை நினைக்காதீர்கள். நங்கூரமிடக் கிடைக்கும் பல இடங்களில் ஆழம் 20 மீற்றர், 30 மீற்றர். வாடகைப் படகில் இருக்கும் 10 மில்லிமீற்றர் சங்கிலி 50, 60 மீற்றர்தான். ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகு முன்முனையின், உயரத்தையும் (சுமார் ஒன்றரை மீற்றர்) கூட்டி, அதற்கு நான்கு மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 20 மீற்றர் ஆழத்துக்கு 86 மீற்றர் வருகிறது. இல்லாத சங்கிலியை எப்படி விடுவது? ஆகவே முன்பதிவின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி குளிரூட்டி உண்டா என்பதல்ல, சங்கிலி எத்தனை மீற்றர் என்பது. 75 இருந்தால் அந்தப் படகை எடுங்கள், அறை கொஞ்சம் பழசாக இருந்தாலும்.

சங்கிலி போதாதென்றால் மோத்து எனப்படும் மணல்தீவுகளின் உட்புற மணல்மேடையைத் தேடுங்கள். வெளிர் பச்சைநீலம் மணல், பழுப்பு முருகைக்கல், கருநீலம் ஆழம். 6 மீற்றர் ஆழமென்றால் 30 மீற்றர் சங்கிலி போதும். ஆனால் மேடையின் ஓரம் சுவர்போல் இறங்கும். படகு சுழலும் வட்டம் சங்கிலி நீளமும் படகு நீளமும் சேர்ந்தது, சுமார் 42 மீற்றர் ஆரை. அந்த வட்டத்துக்குள் முருகைக்கல் முளை ஒன்றும் இல்லாத இடமாகப் பாருங்கள். நங்கூரம் தரை தொட்டதும் மெதுவாகப் பின்வாங்கிச் சங்கிலியை நீட்டிப் படுக்கவிடுங்கள். குவியலாகக் கொட்டினால் பிடிக்காது. இரண்டு அணியத்திலிருந்தும் வரும் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, பாரத்தை வின்ச்சிலிருந்து கயிற்றுக்கு மாற்றுங்கள். பிறகு இரண்டு இஞ்சினையும் பின்னோக்கி 1,500 சுற்றில் அரை நிமிடம். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் பிடித்துப் பாருங்கள். அவை விலகாவிட்டால் பிடித்துவிட்டது. கண்ணாடி மாட்டி இறங்கி நங்கூரத்தைக் கண்ணால் காணும்வரை தேத்தண்ணி போட வேண்டாம்.

இரவில் காற்று அடங்கினால் தளர்ந்த சங்கிலி முளையைச் சுற்றும். காலையில் வின்ச்சை அழுத்தினால் உறுமிவிட்டு பிரேக்கர் விழும். மறுபடி மறுபடி அழுத்துவதுதான் வின்ச் எரிகிற வழி. ஒருவர் நீரில் இறங்கிச் சங்கிலி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்துக் கையால் காட்ட, மற்றவர் அதற்கு எதிர்ப்பக்கமாகப் படகை மெல்ல நகர்த்தி அவிழ்க்க வேண்டும். நீரில் ஆள் இருக்கும் பக்கத்து இஞ்சினை நியூட்ரலில் விடுங்கள். சுற்றாமலே தடுக்கவும் வழி உண்டு: முதல் 15 மீற்றரைத் தரையில் விட்டு, அதற்குப் பின் வரும் சங்கிலியில் படகின் பக்கவாட்டு மெத்தைகள் இரண்டைக் கொக்கியால் மாட்டி மிதக்க விடுவது. 10 மில்லிமீற்றர் சங்கிலி நீருக்குள் மீற்றருக்கு ஏறக்குறைய 2 கிலோ; 16 லீற்றர் மெத்தை ஒன்று 8 மீற்றரைத் தூக்கும். இதற்கான துருப்பிடிக்காத கொளுவிகளைப் புறக்கோட்டை இரும்புக் கடைகளிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். படகில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வடமேற்கே உள்ள போரா போரா தீவில் நங்கூரத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கட்டணம் கட்டி மிதவையில்தான் கட்ட வேண்டும். காற்றுக்கு எதிரே, நடை வேகத்தில் அணுகுங்கள். அணியத்தில் நிற்பவர் கையால் திசை காட்டட்டும். இஞ்சின் சத்தத்தில் கத்துவதால் வருவது சண்டை மட்டும்தான். இடது அணியத்திலிருந்து ஒரு கயிறு மிதவையின் வளையத்துக்குள் போய் இடது அணியத்துக்கே திரும்ப வேண்டும், வலதுக்கும் அப்படியே தனிக்கயிறு. ஒரே கயிற்றை இடமிருந்து வலமாகக் கோத்தால் படகு ஆட ஆட அது அறுத்துக்கொண்டே இருக்கும். பிறகு இறங்கி, மிதவைக்குக் கீழே போகும் கயிற்றையும் பார்த்துவிடுங்கள்.

பாதை விஷயத்தில் நிறுவனங்கள் கொடுக்கும் மாதிரித் திட்டத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. போரா போராவுக்கு முதலில் அனுப்புகிறார்கள், பார்ப்பதற்கு அழகு. ஆனால் மே முதல் ஒக்டோபர் வரை காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும். நடுவில் மாராமு என்ற தென்கிழக்குக் காற்று எங்கள் சோளகம்போல் நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். போவது சுகம், திரும்பும் 20 சொச்சம் கடல் மைல் நேரே காற்றின் வாய்க்குள். கட்டமரான் காற்றுக்கு நெருக்கமாக ஏறாது. வளைந்து வளைந்து 30க்கு மேல் ஓடும், அல்லது இஞ்சினில் டீசல் குடிக்கும். காற்று இளகிய நாள் பார்த்துக் கிழக்கே ஹுவாஹினே தீவை முதலில் முடியுங்கள். பிறகு தாஹா, பிறகு போரா போரா. திரும்புவதற்குக் கடைசியில் இரண்டு நாளாவது மிச்சம் வையுங்கள்.

முருகைத்திட்டின் வாசலை அங்கே பாஸ் என்கிறார்கள். திட்டுக்கு மேலால் அலை ஏற்றும் தண்ணீர் அந்த வாசலால்தான் வெளியேற வேண்டும் என்பதால் நீரோட்டம் பெரும்பாலும் வெளிப்பக்கமே ஓடும். தெற்கு அலை பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக. போரா போராவின் ஒரே வாசலான தேயாவானுய் மேற்கே இருக்கிறது, அகலமானது. கிழக்கு நோக்கி நுழைவதால் பிற்பகல் வெயில் முதுகில் விழும். காலையில் கண்ணில் குத்தும். தாஹாவின் பைபாய் வாசலும் அப்படித்தான். இன்னும் மேற்கே உள்ள மௌப்பித்தி தீவின் வாசல் தெற்கு அலைக்கு நேர் திறந்தது. ஒப்பந்தம் தடுத்தால் வாதாட வேண்டாம். இரவு ஓட்டமும் எங்கும் தடைதான்.

களப்புக்குள் மிதவைக்குறி வேறு கணக்கு: பச்சை திட்டுப்பக்கம், சிவப்பு தீவுப்பக்கம். எந்தத் திசையில் ஓடினாலும் இரண்டுக்கும் நடுவே. வற்றுப்பெருக்கு இன்னும் விசித்திரம். கொழும்பில் அது நாளுக்கு 50 நிமிடம்போல் பின்தள்ளும். அங்கே சந்திரனின் பங்கு ஏறக்குறைய இல்லாமல் சூரியன் மட்டும் ஆள்வதால் நண்பகலிலும் நள்ளிரவிலும் பெருக்கு, காலை மாலை ஆறு மணியை ஒட்டி வற்று. வித்தியாசமும் ஒரு அடிக்கு மேல் பெரிதாகப் போகாது. அட்டவணை தேவையில்லை.

தண்ணீர்த்தொட்டி 300 லீற்றர் என்றால் பத்து நாளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். கோப்பையைக் கடல்நீரில் கழுவிக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர். பற்றரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இஞ்சினைப் போடுங்கள். குளிர்சாதனப்பெட்டிதான் அதிகம் தின்னும். சோற்றுக்கு மின்குக்கர் வேண்டாம், பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள்.

ராயாத்தேயாவின் முக்கிய ஊரான உத்துரோவா கடைகளில் சிவப்பு விலைச்சீட்டு ஒட்டிய சாமான்கள் விலைக்கட்டுப்பாட்டில் உள்ளவை. அரிசி, பாண் அதற்குள் வரும். மற்றதெல்லாம் விலை கொழுத்தும். 1 யூரோ 119.33 பசிபிக் பிராங், மாறாத வீதம். வெள்ளவத்தையில் முத்திரையிட்ட பொதியாக மிளகாய்த்தூள், சரக்குத்தூள் வாங்கிப் போகலாம். பழம், காய்கறி, இறைச்சி வேண்டாம். உரு என்று விற்பது எங்கள் ஈரப்பலாக்காய்தான், தேங்காய்ப்பாலில் வைத்தால் ஊர்ச் சுவை அப்படியே. முருகைத்திட்டில் பிடித்த பெரிய மீனை மட்டும் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் சமைக்காதீர்கள். சிகுவாட்டெரா நஞ்சு கொதித்தாலும் பொரித்தாலும் போகாது.

டிங்கி இஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நின்றால் பழுதென்று பதறாதீர்கள். பெரும்பாலும் எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத்துளை திறக்கப்படாமல் இருக்கும். இரவில் டிங்கியை மேலே தூக்கிக் கட்டுங்கள். நுளம்புத்திரியைப் படகுக்குள் கொளுத்தக் கூடாது, முழுவதும் பிசினும் கண்ணாடி இழையும். பூசும் மருந்து போதும்.

திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் சுழியோடி ஒருவரை இறக்கி அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். எடுத்த அன்றே நீங்களும் இறங்கி உடலுக்குக் கீழே நீட்டி நிற்கும் இரண்டு கீல், இரண்டு சுக்கான், இரண்டு இஞ்சின் விசிறி ஆறையும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கான பில் அந்தப் படங்களைக் காட்டினால் எழுதப்படாமலே போகும்.