ஆர்டிஐ மனுவா, எம்பி மூலம் கேள்வியா?

1965, 1971 போர்களில் காணாமல் போன 54 இந்திய வீரர்கள் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்புகிறது இந்தியா, யாருமே இல்லை என்கிறது பாகிஸ்தான். அந்தப் பட்டியலில் உங்கள் சொந்தக்காரர் இருந்து, நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் டில்லியிடம் எப்படிக் கேட்பது? வழி இரண்டு: ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு, அல்லது எம்பி (நாடாளுமன்ற உறுப்பினர்) மூலம் அவையில் கேள்வி.

செலவு: ஆர்டிஐக்கு 10 ரூபாய், இணையத்திலேயே கட்டலாம். எம்பிக்குக் காசில்லை, ஆனால் ஊரில் யாராவது அவர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

யார் கேட்கலாம்: ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி) என்றால் பிரச்சினை இல்லை, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் முடியாது, ஊரில் இருக்கும் சித்தப்பா பெயரில்தான் போட வேண்டும். எம்பியிடம் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: ஆர்டிஐக்கு 30 நாள் கெடு, மறுத்தால் மேல்முறையீடு. ஆனால் பாதுகாப்பு, வெளியுறவு என்று விலக்கு தரும் அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டிக் கையை விரித்துவிடலாம். அப்புறம், 'ஏன் தேடவில்லை' என்று கேட்காதீர்கள், கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். எந்த ஆண்டு, எந்தக் கடிதம் என்று குறிப்பாகக் கேளுங்கள். எம்பி கேள்விக்கு அமைச்சர் சொல்லும் பதில் அவைப் பதிவில் நிற்கும், நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது) என்றால் துணைக் கேள்வியும் உண்டு, ஆனால் குலுக்கலில் வந்தால்தான்!

ஒருவரின் கோப்பு வேண்டுமென்றால் ஆர்டிஐ, அரசின் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்ல வைக்க எம்பி.