தனியாக இருக்கும் ஆத்தாவுக்கு வாங்கிப் போட்டதில் எது உருப்படி, எது தண்டம்

கைப்பிடிக் கம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சென்சார் விளக்கு, வாங்கலாம். கழுத்தில் மாட்டும் அவசர அழைப்பு மணி, யோசித்து வாங்குங்கள். சக்‌ஷன் கப் வைத்து ஒட்டும் கம்பியை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம், மற்றவர்களுக்கு இனி கொஞ்சம் விவரமாக.

ஆத்தாவுக்கு 78 வயது, பள்ளத்தூர் வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வாங்க என்றால் பல்லவன் ரயிலில் ஏறி வருவார், நாலு நாள் இருப்பார், அப்புறம் "இந்த ஃபிளாட்டுல மூச்சு முட்டுதுடா" என்று பையைக் கட்டிவிடுவார். வீடோ இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் தோட்டம். ஆத்தா புழங்குவது என்னவோ இரண்டாம் கட்டில் ஓர் அறை, அடுப்படி, பிற்பாடு பின்பக்கம் கட்டிய குளியலறை, அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் உயர உயரமான நிலைப்படிகள், ஐப்பசியில் சாரல் அடிக்கும் தாழ்வாரம், வழுவழு என்று ஆத்தங்குடிக் கல். ராத்திரி ஒருமுறை பாத்ரூம் போய் வருவதே ஒரு பயணம்.

பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர், "ஆத்தா நல்லாத்தானே நடக்குறாக, அதுக்குள்ள எதுக்கு வீட்டை ஆஸ்பத்திரி ஆக்குறே" என்று கேட்டார். விழுந்த பிறகு போடுவதற்கு இது என்ன மாவுக்கட்டா? உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்தே இறக்கிறார்கள், அதில் 60 வயது தாண்டியவர்கள்தான் அதிகம். இதை அண்ணனிடம் சொன்னேன். "அது சரி, செலவு எவ்வளவு?" என்றார்.

கம்பியில் ஆரம்பிக்கிறேன். காரைக்குடியில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினோம், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் பளபளவென்று தடிமனாக ஒன்றைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வயதான விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாது. 32 முதல் 38 மில்லிமீட்டர் விட்டம் என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஈரக் கையில் வழுக்காது.

மாட்டிக் கொடுக்க அவர்களே ஓர் ஆளை அனுப்பினார்கள், கூலி தனி. இந்தத் தம்பியைப் பற்றித்தான் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. "ஆச்சி, நீங்க ஒருதரம் உக்காந்து எந்திரிங்க, நான் பாக்குறேன்" என்றார். ஆத்தா சேலையைச் செருகிக்கொண்டு மேற்கத்திய கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து எழுந்தார். எழும்போது இடது கை தானாகப் போய்ச் சுவரில் ஊன்றிய இடத்தில் தம்பி பென்சிலால் ஒரு கோடு போட்டார். வலது தோளில் ஆத்தாவுக்கு வலி இருப்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை, பார்த்தே பிடித்துவிட்டார். பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்று சொல்வார்கள், ஆத்தா குள்ளம் என்பதால் எங்களுக்கு அதற்கும் கொஞ்சம் கீழேயே வந்தது. மாட்டி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் தானாகச் செய்யவில்லை என்றால் தொங்கச் சொல்லுங்கள், தொங்கத் தயங்குகிற ஆளுக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

குளியலறை பின்னால் கட்டியது, சிமெண்ட் சுவர், அதனால் சிக்கல் இல்லை. தாழ்வாரத்தில்தான் கதையே. நம் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை. துளை போட்டதும் முதலில் வெள்ளைத் தூள், அப்புறம் செங்கல் தூள், ஆங்கர், அதாவது திருகாணியைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கிற உறை, உள்ளே போய்ப் பிடிக்காமல் சும்மா சுற்றியது. ஆத்தா பக்கத்திலேயே நின்று, "முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுப்பா அது, இப்ப யாரு பூசுறா" என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கெமிக்கல் ஆங்கர் என்று பசை மாதிரி ஒன்றைத் துளைக்குள் செலுத்தி, ஒரு நாள் காயவிட்டு மாட்டினார்கள். செலவு கூடுதல்தான், ஆனால் அசைவில்லை.

அடுத்தது நிலைப்படி. இணையத்தில் பார்த்தால் ரேம்ப் (சாய்தளம்) போடு, ரேம்ப் போடு என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் பொதுவான சரிவு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளம் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். தாழ்வாரத்தில் அதற்கு இடம் ஏது? கதவையே சாத்த முடியாது. சக்கர நாற்காலி வந்துவிட்ட வீடு என்றால் வேறு வழியில்லை, நடக்கிறவர்களுக்கு இது தேவையும் இல்லை. சரி, நிலையிலேயே ஒரு பிடி வைத்துவிடலாம் என்றால் ஆத்தா பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "நிலையில ஆணி அடிக்கிறதா? பொங்கலுக்குப் பொட்டு வைக்கிற நிலைடா." அதற்கு மேல் பேச்சே இல்லை. உள்ளூர் ஆசாரி ஒருவர்தான் வழி சொன்னார். நிலைப்படியின் பாதி உயரத்துக்கு, வாசல் அகலம் முழுக்க, ஓரடி ஆழத்தில் இரண்டு பக்கமும் மரத்தில் அரைப்படி. விளிம்பில் மஞ்சள் பட்டை. காலை இப்போது பாதி உயரம் தூக்கினால் போதும், ஆணி எதுவும் நிலையைத் தொடவில்லை. வாசல் முழு அகலத்துக்கும் செய்யச் சொல்லுங்கள், நடுவில் மட்டும் பலகை வைத்தால் ஓரமாக வருகிற ஆள் இடறுவார்.

சென்சார் விளக்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று விஷயம் மட்டும். சார்ஜ் போடும் வகை வேண்டாம், யாரும் போட மாட்டார்கள், பிளக்கில் சொருகும் வகையை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். முழங்கால் உயரத்தில் வையுங்கள், வெளிச்சம் தரையில் விழ வேண்டும், கண்ணில் இல்லை. அப்புறம், இந்த சென்சார் குறுக்கே போகிற ஆளைச் சட்டென்று பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருகிற ஆளைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும், அதனால் நடைவழியின் பக்கச் சுவரில் வையுங்கள், எதிர்ச் சுவரில் வேண்டாம். வளவுக்குள் இறங்கும் பூனைக்கும் எரிகிறது, எரிந்துவிட்டுப் போகட்டும்.

இந்த மூன்றும் ஏன் தேறின என்றால், ஆத்தா இவற்றுக்காக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பி அங்கேயே இருக்கிறது, படி அங்கேயே இருக்கிறது, விளக்கு தானே எரிகிறது. பெரியவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும், சார்ஜ் போட வேண்டும், சரியான நேரத்தில் அழுத்த வேண்டும் என்கிற பொருளெல்லாம் விளம்பரத்தில்தான் பிரமாதமாக இருக்கிறது.

மணி அந்த ரகம். முதலில் வாங்கியது ஒயர்லெஸ் பெல். டப்பாவில் நூற்றுக்கணக்கான அடி தூரம் என்று போட்டிருக்கும், அது வெட்டவெளிக் கணக்கு. நம் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் எத்தனை கனம்! பின்கட்டில் அழுத்தினால் முகப்பில் கேட்கவில்லை. கேட்டாலும் யார் இருக்கிறார்கள்? வலப்பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, இடப்பக்கத்து வீட்டைப் படையலுக்கு மட்டும்தான் திறப்பார்கள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பங்காளிகளுக்கு மணிச்சத்தம் கேட்காது.

அதனால் சிம் போடும் எஸ்ஓஎஸ் பட்டனுக்கு மாறினோம். அழுத்தினால் பதிந்து வைத்த நம்பர்களுக்கு வரிசையாகக் கூப்பிடும். இதில் எல்லோரும் முதல் நம்பராக மகனைப் போடுகிறார்கள். நான் சென்னையில் இருந்துகொண்டு என்ன செய்ய? முதல் நம்பர் அடுத்த தெருவில் இருக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இரண்டாவது எதிர்த்தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, நான் மூன்றாவது. வாங்கியதும் முதல் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து வைத்து, இரண்டாவதுக்குப் போகிறதா என்று சோதித்துப் பாருங்கள். சிம் ரீசார்ஜ் தீர்ந்தால் பட்டன் வெறும் பிளாஸ்டிக், ஞாபகம் இருக்கட்டும். ஆத்தா அதைக் கழுத்தில் போடுகிறாரா என்றால், இல்லை, சங்கிலியோடு சிக்குகிறதாம், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இப்போதைக்கு ஒரு சமரசம், குளிக்கப் போகும்போது எடுத்துப்போய்க் குளியலறைக் கொக்கியில் மாட்டுகிறார், அதுவும் கொக்கியை இடுப்புக்குக் கீழே வைத்த பிறகு. தரையில் கிடக்கும் ஆள் எட்டாத உயரத்தில் மணி இருந்து என்ன பயன்? வாங்கும்போதே தண்ணீர் படலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானதை எந்தக் கடையும் சொல்வதில்லை. பட்டனை அழுத்தி, அக்கா ஓடி வந்து, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால்? பர்மா தேக்குக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள், உடைக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. 108 வண்டி வந்தாலும் வாசலில்தான் நிற்கும். பின்வாசல் கதவில் நைட் லாட்ச் போட்டோம், உள்ளே பூட்டியிருந்தாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கலாம், ஒரு சாவி அக்காவிடம். ஆனால் அதே கதவில் ஆத்தா பழக்கத்தில் தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டுவிடுவார் என்பதால் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டோம். இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை, கம்பிக்குக்கூட இல்லை. திருட்டுப் பயத்துக்கு வெளியே ஒரு கிரில் கேட், அதற்கும் ஒரு சாவி அக்காவிடம்.

மாத்திரை டப்பா, நாலு கால் ஊன்றுகோல் எல்லாம் வாங்கினோம். டப்பாவை வாரத்துக்கு ஒருமுறை யாராவது நிரப்பினால் நல்ல பொருள். பிபி, சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அந்தப் பெண்ணே நிரப்பியும் கொடுத்துவிட்டுப் போகிறார், அவருக்குப் புண்ணியம். ஊன்றுகோலின் அடியில் ரப்பர் தேய்கிறதா என்று பாருங்கள், எங்கள் தரையில் சீக்கிரம் தேய்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுக் கல்லைத் துடைக்கும் வழக்கத்தை ஆத்தா நடக்கும் பாதையில் மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், மங்கிப்போன அந்தப் பட்டையைப் பார்த்து ஆத்தா முகம் சுளிக்கிறார்.

கடைசியாக ஒன்று, கம்பி வாங்குகிறவர்கள் டப்பாவோடு வரும் திருகாணியை நம்பாதீர்கள், குட்டையாகத்தான் இருக்கும், பூச்சுக் கனத்திலேயே முடிந்துவிடும். பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகிற நீளத்துக்குக் கேட்டு வாங்குங்கள், கடைக்குப் போகும்போது சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அவர்களே சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள்.