கோடியக்கரைக்கு ஒரு பகலா, ஓரிரவா, இரண்டு இரவா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து கோடியக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடுதான் வருகிறார்கள். காலை டிபனை முடித்துக் காரில் ஏறி, வேதாரண்யம் கோயிலில் சாமி கும்பிட்டு, உச்சிவெயிலில் சரணாலயத்துக்குள் நுழைந்து, கடலில் கால் நனைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள். 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் 21 சதுர கிலோமீட்டர் சொச்சம்தானே, ஒரு பகல் போதாதா என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது இந்தக் காடு மட்டுமல்ல. மேற்கே விரியும் வேதாரண்யம் சதுப்பு, தலைஞாயிறு காடு, முத்துப்பேட்டை அலையாத்தி என எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர்.

பரப்பு கிடக்கட்டும். இங்கே எத்தனை நாள் இருக்கிறோம் என்பதைவிட, எத்தனை விடியல் கைக்குக் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரு பகல் பயணத்தில் என்ன கிடைக்கும்? மட்டக்குதிரைகளைப் பார்க்கலாம், அவை எந்த நேரத்திலும் மேய்ந்துகொண்டிருக்கும். குரங்குகள் சாலையோரத்திலேயே இருக்கும். ராமர் பாதம் மேட்டில் ஏறிச் சுற்றிலும் பார்க்கலாம். வெளிமான்கள் வெயில் ஏறியதும் புதர் நிழலுக்கு ஒதுங்கிவிடும். பறவைகளின் நிலைமை இன்னும் மோசம். பத்து, பதினொரு மணிக்குமேல் சதுப்பில் கானல் எழும்பிவிடும். எவ்வளவு நல்ல பைனாகுலராக இருந்தாலும் பூநாரைக் கூட்டம் தூரத்தில் நடுங்கும் ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். ஒரே நாள்தான் முடியும் என்பவர்கள் இரவோடு இரவாகக் கிளம்பி விடியும்போது இங்கே நிற்கட்டும். கோயிலை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சாயங்காலம் திரும்பும் வழியில் போங்கள்.

ஓரிரவு தங்கினால் நிலைமை தலைகீழாக மாறும். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் அன்றைய சாயங்காலமும் மறுநாள் காலையும் வெளிமான்கள் மேயும் புல்வெளிக்குக் கிடைத்துவிடும். வாடகைக் கார் என்றால் டிரைவர் பேட்டாவும் அறை வாடகையும் கூடும்தான். ஆனாலும் அந்தச் செலவுக்கு ஈடு உண்டு. வெயில் சாய்வாக விழும்போது ஆண் வெளிமானின் முறுக்குக் கொம்பில் உள்ள வளையங்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும். முதுகு கருத்து, வயிறு வெளுத்திருக்கும். முகத்தை மேலே தூக்கி, கொம்புகளை முதுகோடு சாய்த்துக்கொண்டு பெண்மான்களைச் சுற்றி வரும். திடீரென்று ஒரு பெண்மான் துள்ளும், உடனே மந்தையே துள்ளும். சத்தம் போடாமல் ஓரமாக நின்றால் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தப் புல்வெளி அப்படியே இருக்கும் என்று நம்பி ஒத்திப்போட வேண்டாம் என்பதும் என் ஆதங்கம். சீமைக் கருவேல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவருகிறது. 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல் காட்டில் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

மார்ச் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்களுக்கு ஓரிரவே தாராளம். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது போயிருக்கும், ஆகவே விடியலை முழுக்க மானுக்குக் கொடுக்கலாம்.

குளிர்காலத்தில்தான் சிக்கல். அதே விடியலைப் புல்வெளியும் கேட்கிறது, சதுப்பும் கேட்கிறது. இரண்டையும் ஒரே காலையில் ஓடி ஓடிப் பார்த்தவர்கள் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்த்திருப்பார்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நான் இரண்டு இரவைத்தான் சொல்வேன். முதல் காலை மானுக்கு, மறுநாள் காலை சதுப்புக்கும் உப்பளத்துக்கும். பூநாரை காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டித் தின்பதைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். உள்ளான் கூட்டம் வானில் ஒரே வீச்சில் திரும்பும்போது பழுப்பெல்லாம் வெள்ளையாக மாறும். அந்தக் குருவியளவுப் பறவைகளில் பல வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வந்தவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துவருவது சும்மா இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை ஒரு காலையை மொத்தமாகப் பறித்துவிடலாம், கையில் இன்னொன்று இருப்பது நல்லது. என்னைக் கேட்டால் மழை ஓய்ந்த ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் சரியான காலம்.

மூன்றாவது இரவு சேர்த்து முத்துப்பேட்டையையும் முடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஜாம்புவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய்வருவது தனியாக வரவேண்டிய பயணம். அதற்குப் பதில் மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் திரும்புகிறவர்கள் வடுவூர் ஏரியில் ஒரு மணி நேரம் நிற்கலாம், வழியிலேயே இருக்கிறது.

தேதி குறிக்கும்முன் காலண்டரைப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடலாட வரும் கூட்டத்தில் மான் பார்க்க முடியாது. தங்குவதற்கு வனத்துறை விடுதி கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் அறை எடுக்கலாம், அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். சரணாலயத்தை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை மட்டும் வனச்சரக அலுவலகத்தில் முந்தின நாளே கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்கு வாசலில் இருங்கள்.